துண்டு போட்ட இடம்

ஒத்தப்பாட்டுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, அரம் பேசும்.

வீட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, தெருக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன ரம்பங்களை ஒவ்வொன்றாக இடுக்கியில் மாட்டி, பல் பல்லாகக் கூர் ஏற்றிக்கொண்டிருந்தார். கறக், கறக். மகள் அந்தக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்ட நாளில் தொடங்கிய சத்தம் இன்னும் ஓயவில்லை. கச்சேரி நாளும் வந்துவிட்டது.

"அக்கா, தெருவுல மொக்கை ரம்பமே இல்லைன்னு ஆயிடுச்சு," என்றான் தம்பி, மேளத்தின் வாரை இழுத்துக் கட்டியபடி. "இனி கோபத்துக்கு வீட்டுக் கத்திரிக்கோலைத்தான் எடுப்பார்."

"சும்மா இருடா. காதுல விழப் போகுது."

"விழட்டுமே. இந்த வீட்ல யாராவது எதையாவது பேசினாத்தானே நல்லது?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைப் பின்னினாள். ஊரில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். குரல் அப்படி. பகலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற வேலை. மாலையில் தம்பி மேளம் தட்ட, நாட்டுப்பாட்டுக் கச்சேரி. கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா போன பிறகு அப்பாவையும் தம்பியையும் ஒரே கூரையின் கீழ் அடிதடி இல்லாமல் வைத்திருப்பது அவளுடைய மூன்றாவது உத்தியோகம்.

இன்றைய கச்சேரி, மறைந்த ரம்பத்தாருக்குப் புகழ் பாடும் கச்சேரி. மர டெப்போவில் ரம்பம் இழுத்தபடியே பாட்டுக் கட்டியவர் என்பதால் ரம்பத்தார். பேர்தான் ரம்பம், பாட்டால் ஒருத்தரையும் அறுத்ததில்லை. அவர் பாட்டைக் கேட்டு வளராத நாட்டுப் பாடகரே கிடையாது, வெண்கலம் ஒருத்தியைத் தவிர. ரேடியோவில் அவர் பாட்டு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று கேட்டால், "காது வலிக்குது." அப்பாவுக்குக் காது வலிக்குமே என்று அம்மா ரேடியோவையே பரணில் ஏற்றிவிட்டாள். அதனால் ஊருக்கே மனப்பாடமான பாட்டுகளை இந்த வயதில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

அப்பாவும் அதே டெப்போவில்தான் வேலை பார்த்தார். அவரும் பாட்டுக் கட்டினார். ஒன்றே ஒன்று. அதனால்தான் ஒத்தப்பாட்டு. தெருவில் பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்கள் எல்லாம் பாடுகிற தாலாட்டு அது. வெண்கலம் எந்தக் கச்சேரியையும் அதைப் பாடித்தான் முடிப்பாள்.

செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து அரம் நின்றது.

"இன்னைக்கு என் பாட்டைப் பாடாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

"எப்பவும் பாடுறதுதானேப்பா?"

"எப்பவும் பாடு. அங்கே வேண்டாம்."

"ஏம்ப்பா?"

கறக், கறக்.

*

அறிவிப்பு அறை கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும். ஒரு மேசை, ஒரு மைக், அதை இயக்க ஒரு சிவப்புப் பொத்தான், சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு மின்விசிறி. கீழே ஜனம் மூட்டையும் பையுமாக அலைந்துகொண்டிருந்தது.

தெற்கே போகிற வண்டியை அறிவித்துவிட்டு, அடுத்த வண்டிக்குள் மாலைக்கான பாட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ரம்பத்தாரின் மிகப் பெரிய பாட்டு அதுதான்.

"மரத்துக்குள்ளே என்ன இருக்கு?"

இதற்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. வரி எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளத்துக்கு ஒன்றும் கிடையாது. அப்புறம்தான் அடுத்த வரி. பாட்டு முழுக்க இப்படித்தான். அந்த இடைவெளியைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறார்கள். கேள்விக்கு மௌனமே பதில் என்றார் ஒரு பேராசிரியர். கேட்கிறவன் மனசைத் திறக்கிற வாசல் என்றார் இன்னொருவர். மேளக்காரர்களுக்கோ அது வாராது வந்த மாமணி. உருட்டித் தள்ளுவதற்குக் கிடைத்த இடம்.

வெண்கலத்துக்கு அந்த இடைவெளி பிடிபடவே இல்லை. சும்மா நிற்கத் தெரியாமல் குரல் தடுமாறியது. என்னதான் இருக்கிறது இந்த இடத்தில்? மறுபடியும் பாடினாள்.

"மரத்துக்குள்ளே என்ன இருக்கு?"

அவள் கேட்காமலே நாக்கு தானாகப் புரண்டது.

"மழை இருக்குது, வெயில் இருக்குது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது அப்பாவின் தாலாட்டு. முதல் வரி.

அவசரமாக அடுத்ததைப் பிடித்தாள். "வளையத்துக்குள்ளே யார் இருக்கா?" இது ரம்பத்தார். "நட்டு வச்சவன் நாள் இருக்குது." இது அப்பா. தாலாட்டாகப் பாடும்போது இழுத்து இழுத்துப் பாடுவார்கள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும், வார்த்தை வழியாமல் குறையாமல், கதவு நிலையில் பொருந்துகிற மாதிரி இடைவெளிக்குள் போய் உட்கார்ந்தது.

"அறுக்க அறுக்கத் தூளு பறக்குது."

"கண்ணை மூடு, காத்து அடங்கும்."

பிள்ளையைத் தூங்கச் சொல்கிற வரி என்றல்லவா இதுவரை நினைத்திருந்தாள்? கண்ணில் தூள் விழாமல் இருக்கச் சொன்னதா இது?

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். நேரக் காப்பாளர் பதற்றமாக நின்றார்.

"என்னம்மா, மழை வருதா? வடக்கு வண்டியெல்லாம் வராதா? கீழே ஜனம் குடையோட வந்து என்னைப் பிடுங்கி எடுக்குது!"

அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொத்தான் அழுந்தியபடியே இருந்தது.

*

மதியம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் அப்பாவுக்கு எதிரே நின்றாள். ரம்பத்தாரின் முதல் வரியைப் பாடிவிட்டு, நிறுத்தி, அவர் முகத்தையே பார்த்தாள்.

அரம் பாதி வழியில் நின்றது. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் அசைந்தது.

"அப்பா, அவர் பாட்டு கேள்வி. உங்க பாட்டு பதில். அப்படித்தானே?"

சத்தம் கேட்டுத் தம்பியும் வந்து நின்றான்.

ஒத்தப்பாட்டு கைத்தூளை வேட்டியில் தட்டிக்கொண்டார். "உக்காரு," என்றார்.

"அந்தக் காலத்துல பெரிய மரத்தை மெஷின்ல ஏத்த முடியாது. ரெண்டு ஆள் ரம்பம்தான். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். அவன் இழுக்கிறப்போ நான் விட்டுக் கொடுக்கணும். நான் இழுக்கிறப்போ அவன். தள்ளினா வளைஞ்சிடும். அவன் இழுப்புக்கு அவன் பாடுவான். என் இழுப்புக்கு நான் பாடுவேன். வேலை அலுக்காம இருக்கப் பாடினது. அவன் கேட்பான், நான் சொல்வேன்."

"அப்போ அந்தப் பாட்டுல பாதி உங்களுதுப்பா!"

"பாதியா? கேள்வி எவன் வேணும்னாலும் கேட்பான். பதில் சொல்றதுதான் கஷ்டம்." ஒரு நொடி அவர் மீசையில் ஒரு பழைய குறும்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. "ரெக்கார்டு போடுறவங்க வந்தாங்க. அவன் தனியாப் பாடிட்டான். நான் பாடுற இடத்தையெல்லாம் காலியா விட்டுட்டான். ஜனங்க என்னடான்னா, ஆகா என்ன மௌனம்னு கைதட்டுறாங்க. அது மௌனம் இல்லம்மா. என்னை வெட்டி எடுத்த இடம்."

தம்பி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ நான் உருட்டினதெல்லாம் உங்க இடத்துலயாப்பா?" என்றான் தம்பி, பாவமாக.

"நீ நல்லாத்தான்டா உருட்டுறே. அதுக்கு என்ன பண்றது?"

"அவர்கிட்ட ஏன்னு கேட்கலையா?" என்றாள் வெண்கலம்.

"கேட்டு என்ன ஆகப் போகுது? டெப்போவை விட்டேன். அவன் பேரு வளர்ந்துச்சு. என் பாட்டைப் பிள்ளைங்களுக்குப் பாடினேன். உனக்குத்தான் முதல்ல பாடினேன்."

"சாயங்காலம் வாங்கப்பா."

"செத்தவனோட போய் எங்கம்மா சண்டை போடுறது? நீ போய் நல்லாப் பாடு. பாட்டு மேல எனக்குக் கோபம் இல்லை." அரத்தை எடுத்தார். "என் பாட்டு மட்டும் அங்கே வேண்டாம்."

*

மண்டபத்தின் பக்கத்து அறையில் நாற்காலிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு கண்ணாடி. வெண்கலம் அதன் முன்னால் நின்று, பொட்டு வைத்த இடத்திலேயே மறுபடியும் பொட்டு வைத்தாள்.

ரம்பத்தாரின் மகள் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கச்சேரிக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலைமேல்.

"பதற்றமா இருக்கா?"

"பதற்றம் இல்லைங்க. ஒண்ணு கேட்கணும். அந்தப் பெரிய பாட்டை உங்க அப்பா வீட்ல பாடுவாரா?"

"பாடாத நாள் ஏது?"

"அந்த இடைவெளியில என்ன செய்வார்?"

கண்ணாடிக் கடைக்காரி அவளை வியப்போடு பார்த்தாள். "இதை யாருமே என்கிட்ட கேட்டதில்லை. எல்லாரும் அர்த்தம்தான் சொல்லிட்டுப் போவாங்க." நாற்காலி ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தாள். "வரி முடிஞ்சதும் தலையை இப்படிச் சாய்ச்சுப்பார். பக்கத்து வீட்ல யாரோ கூப்பிட்ட மாதிரி. சின்ன வயசுல நானும் பக்கத்துல உக்காந்து உத்துக் கேட்பேன். ஒண்ணும் கேட்காது. ரெக்கார்டு போட்டவங்க அந்த இடத்துல புல்லாங்குழல் வைக்கலாம்னு கெஞ்சினாங்களாம். ஒரே பிடிவாதம். 'அது காலி இடம் இல்லைய்யா. அதுக்கு ஆள் வரும். நான் துண்டு போட்டு வச்சிருக்கேன்'னு சொல்லிட்டாராம்."

"துண்டா?"

"பஸ்ல இடம் பிடிப்பாங்களே, அந்த மாதிரி. யாருக்குப்பான்னு கேட்டா சொல்ல மாட்டார். வந்தாத் தெரியும்பார்."

வெண்கலம் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மூலையில் மேளத்தோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

சுருக்கமாக, மூச்சு விடாமல், மதியம் கேட்டதையெல்லாம் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரி மூக்கிலிருந்ததைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"நீங்க முதல்ல அவருக்கு போன் போடுங்க," என்றாள்.

வெண்கலம் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அவள் காதில் அடித்த அதே நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு சேவல் கூவியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சேவலை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தவனே தம்பிதான்.

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக் குட்டைச் சுவரில், வேலைச் சட்டையோடு, கூவுகிற போனை எப்படி அடக்குவது என்று தெரியாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒத்தப்பாட்டு.

"என்னப்பா இங்கே?"

"சும்மா. காத்து வாங்க வந்தேன்."

"ரெண்டு பஸ் மாறி வந்தா காத்து வாங்குறது?" என்றான் தம்பி.

"உள்ளே வர மாட்டேன். வெளியிலேருந்தே நீ எப்படிப் பாடுறேன்னு கேட்டுட்டுப் போயிடலாம்னு..."

கண்ணாடிக் கடைக்காரி அவர் முன்னால் வந்து நின்றாள். தான் யார் என்று சொன்னாள். அப்புறம் துண்டு போட்ட கதையை, கூட்டாமல் குறைக்காமல் மறுபடியும் சொன்னாள். பெரியவர் தலையைத் தூக்கவில்லை. தன் கைகளையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் வரும்னு சொன்னானா?"

"சொன்னாருங்க."

"எது வரைக்கும் சொன்னான்?"

"பேச்சு இருந்த வரைக்கும்."

உள்ளே மணி அடித்தார்கள். "நேரமாகுது, போங்க," என்றார் அவர்.

திரும்பி வரும்போது கண்ணாடிக் கடைக்காரி வெண்கலத்தின் கையைப் பிடித்தாள். "அவர் வரலைன்னா நீங்களே அந்த வரியையும் பாடிடுங்களேன்."

வெண்கலம் யோசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது. "இல்லைங்க. அவருக்குப் போட்ட துண்டு. அதை எடுத்துட்டு நான் எப்படி உக்கார்றது?"

*

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசை நடுவில் ரம்பத்தாரின் மனைவி, கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சின்னப் பாட்டுகள் எல்லாம் முடிந்தன. கைதட்டலும் சீட்டியும் நல்லபடியாகவே விழுந்தன. கடைசியில் வெண்கலம் தம்பியிடம் குனிந்து, "நீ கையைக் கட்டிக்கோ," என்றாள்.

"சுத்தமா?"

"சுத்தமா."

அவன் மேளத்தைக் கீழே இறக்கிவைத்தான்.

"மரத்துக்குள்ளே என்ன இருக்கு?"

நிறுத்தினாள். மேளம் வரும் என்று காத்திருந்த ஜனம் ஒன்றும் வராமல் திகைத்தது. யாரோ இருமினார்கள். இடைவெளி இவ்வளவு நீளமா என்று அவளுக்கே இருந்தது.

"வளையத்துக்குள்ளே யார் இருக்கா?"

மறுபடியும் ஒன்றுமில்லை. கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக விளக்கையே பார்த்தாள்.

"அறுக்க அறுக்கத் தூளு பறக்குது."

"கண்ணை மூடு, காத்து அடங்கும்."

கரகரத்த குரல். சுதி கொஞ்சம் இறங்கியிருந்தது. மண்டபமே திரும்பியது. பின்கதவில், உள்ளே ஒரு கால் வெளியே ஒரு கால் என்று நின்றிருந்தார் அப்பா. "அட, இது நம்ம தாலாட்டு ஆச்சே!" என்று ஒரு பெண் உரக்கவே சொன்னாள்.

அடுத்தது வெண்கலத்தின் இழுப்பு, விட்டுவிட முடியாது.

"ஆளைப் பார்த்தா யாரையும் காணோம்."

"எதிரே நிக்கிறேன், இழுத்துப் பாரு!"

வெளியே இருந்த காலையும் உள்ளே வைத்தார்.

அவள் முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தடவை ஒரு இடமும் காலியாக இல்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பதில் சொன்னார் அவர். ஒவ்வொரு பதிலுக்கும் தோள் ஒருமுறை பின்னால் போய் வந்தது. ஜனம் எழுந்து நின்றது. முதல் வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் இல்லை.

*

கச்சேரி முடிந்த பிறகும் பக்கத்து அறையில் இரைச்சல் அடங்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். "இனிமே உங்களை என்னன்னு கூப்பிடுறது? ஒத்தப்பாட்டுன்னு சொல்ல முடியாதே!" என்றான் தம்பி. வெண்கலம் அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். அவர் முகத்தில் வெட்கம்கூட இருந்தது. அப்பா வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

கூட்டம் குறைந்ததும் கண்ணாடிக் கடைக்காரி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ரெக்கார்டு போட்ட அன்னைக்கு நீங்க ஏன் வரலை? ரெக்கார்டு போட்டவங்க சொன்னாங்க, அப்பா யாரையோ எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாராம். நேரம் போகுதுன்னு அவங்க அவசரப்படுத்தினதும்தான் தனியாப் பாடினாராம். அந்த ஒரு கேள்விக்குத்தான் கடைசி வரைக்கும் அவருக்குப் பதிலே கிடைக்கலை."

ஒத்தப்பாட்டு டீயைக் கீழே வைத்தார்.

"வந்தேனேம்மா."

"வந்தீங்களா?"

"வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். வாசல்லயே சொல்லிட்டாங்க. 'அவர் தனியாப் பாடுறதா முடிவு பண்ணிட்டார். உங்களைப் பார்த்தா அவருக்குச் சங்கடம். போயிடுங்க'ன்னு. அவனே சொல்லி அனுப்பினதாத்தான் இத்தனை வருஷமும் நினைச்சிட்டிருந்தேன்."

வெண்கலம் தம்பியைப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரியின் குரல் இறங்கிவிட்டது.

"யாருங்க அப்படிச் சொன்னது?"

வராந்தாவில் டக், டக் என்று கைத்தடி ஊன்றுகிற ஓசை கேட்டது. கதவு திறந்தது. ரம்பத்தாரின் மனைவி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் பெரியவர் சட்டென்று எழுந்து, பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

"வயசாச்சும்மா," என்றார் கண்ணாடிக் கடைக்காரியிடம். "யார்னு ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு," என்றாள் அந்த அம்மாள். உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, மகள் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு."